பழைய ஆர்15: கூலன்ட் குறைகிறது, கசியும் இடம் பிடிபடவில்லை

கொங்குப்பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2010இல் பதிவான யமஹா ஆர்15, முதல் மாடல். பழைய வண்டியாகத்தான் கோவையில் வாங்கினேன். இஞ்சின் சத்தத்திலும் இழுவையிலும் இன்றுவரை குறை சொல்ல எதுவும் இல்லை, தொல்லையெல்லாம் இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில்தான். ரிசர்வ் டேங்கில் மேல்கோடு வரை ஊற்றி வைத்தால் சில வாரங்களில் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. வண்டி நின்ற இடத்தில் ஈரம் தேங்கி நிற்பதில்லை. ஆனால் குளிரான காலை நேரங்களில் இஞ்சினுக்கு அடியில் பச்சையாக ஓரிரு சொட்டுகள் விழுந்து காய்ந்த தடம் தெரிகிறது. பகலில் ஓட்டிவிட்டு நிறுத்தினால் அந்தத் தடமும் இருப்பதில்லை.

காந்திபுரம் நெரிசலில் ரேடியேட்டர் ஃபேன் முன்பைவிட அடிக்கடி சுழல்வதாகத் தோன்றுகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனபோது வெப்ப எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வீடு திரும்பிய பிறகு பார்த்தால் டேங்க் மட்டும் கணிசமாகக் குறைந்திருந்தது. இஞ்சின் ஆயில் நிறம் மாறவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை.

இரண்டு பட்டறைகளில் காட்டினேன். ஓரிடத்தில், கசிவை அடைக்கும் பொடியை ரேடியேட்டரில் கொட்டினால் சரியாகிவிடும் என்றார்கள். மற்றோரிடத்தில், சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய தொகையையும் சொன்னார்கள். இருவருமே வண்டியின் வெளி உறையான ஃபேரிங்கைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு முன் வைத்திருந்தவர் அவ்வப்போது குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியதாகவும் கேள்விப்பட்டேன்.

செலவு செய்யத் தயங்கவில்லை. தேவையில்லாத இடத்தில் செய்துவிடக் கூடாது என்பதே என் கவலை. எதிலிருந்து சோதிக்கத் தொடங்குவது, ஹெட் கேஸ்கட்டா இல்லையா என்பதைக் கழற்றாமலேயே அறிய வழி உண்டா, ரேடியேட்டரே ஓட்டையாக இருந்தால் அதைப் பற்றவைக்க முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


லேத்துப்பட்டறை எழுதியது:

பயணி அவர்களே, ஹெட்டைத் திறக்கும் பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரே ஒரு செய்திதான்: சொட்டுத் தடம் குளிர்ந்த காலையில் மட்டும் தெரிகிறது. இஞ்சின் சூடாக இருக்கும்போது அலுமினியக் குழாய்முனை விரிந்து, தன்மேல் ஏறியிருக்கும் ரப்பர் ஹோஸைக் கிளாம்ப்போடு சேர்த்து நெருக்கிக்கொள்கிறது. இரவில் ஆறும்போது அலுமினியம் சுருங்குகிறது. ஆனால் ஏறக்குறைய 15 ஆண்டு வெப்பத்தில் விறைத்துப்போன ரப்பருக்கு அதைத் தொடர்ந்து சுருங்கும் தன்மை இருப்பதில்லை. அந்த மயிரிழை இடைவெளியில் நீர் இறங்கிவிடும். இன்னொரு பக்கம், ஓடும்போது கசிவது சூடான இஞ்சின் மேலேயே ஆவியாகிவிடுவதால் தரைக்கு வருவதே இல்லை. ஆகவே தரையைப் பார்த்து எவ்வளவு கசிகிறது என்று கணக்கிட வேண்டாம்.

தொடங்க வேண்டியது அழுத்தச் சோதனையில். ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கைப்பம்பும் அளவுமானியும் கொண்ட கருவியைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை காற்றை ஏற்ற வேண்டும். பெரும்பாலும் 1.1 (பார்) என்பது போன்ற எண் இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் நன்றாக இருக்கும் பகுதியையும் நாமே கெடுத்துவிடுவோம். கார் ரேடியேட்டர் வேலை செய்யும் பட்டறைகளில் இக்கருவி கட்டாயம் இருக்கும். பைக்கின் வாய் சிறியது என்பதால் அதற்கேற்ற அடாப்டர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். சோதனையை இரவு முழுவதும் ஆறிய வண்டியில் செய்ய வேண்டும். சூடான இஞ்சினில் மூடியைத் திறப்பது ஆபத்து என்பது ஒருபுறம் இருக்க, உங்கள் கசிவு குளிரில்தான் வெளிப்படுகிறது என்பதால் சூட்டில் சோதித்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரியும்.

அளவுமானியின் முள் அசையாமல் நின்றால் அமைப்பு இறுக்கமாக இருக்கிறது. அப்படியானால் அடுத்த சந்தேகம் மூடியின்மீது. முள் மெல்ல இறங்கினால் நீர் எங்கோ வெளியேறுகிறது. அந்த நேரத்தில் ஃபேரிங் கழற்றிய நிலையில், சந்தேகமான இணைப்புகளைத் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவிவிடுங்கள். ஈரம் தொட்ட இடம் உடனே கறுத்துக் காட்டும். ஓடும் வண்டியில் காற்று கூலன்ட்டைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவதால், ஈரமாகத் தெரியும் இடத்திற்கு மேலேயும் முன்னேயும் தேடுவதே முறை. பல பேர் ஈரம் தெரிந்த இடத்தில் இருக்கும் கேஸ்கட்டை மாற்றிவிட்டு, மறுபடியும் கசிகிறதே என்று வந்து நிற்பார்கள்.

மூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை குறைந்த பொருள் என்பதாலேயே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதற்குள் இரண்டு வால்வுகள் உள்ளன. ஒன்று, அழுத்தம் அளவைத் தாண்டினால் கூலன்ட்டை ரிசர்வ் டேங்குக்கு விடுவது. மற்றொன்று, இஞ்சின் ஆறும்போது ரேடியேட்டருக்குள் உண்டாகும் வெற்றிடத்தால் திறந்து, டேங்கிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்வது. முதல் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் அமைப்பில் அழுத்தம் நிற்காது. சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஒரு பார் அழுத்தம் கூடுதலாக இருந்தால் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காது. அந்த 20 டிகிரிப் பாதுகாப்பு ஒரு கிழிந்த ரப்பர் வளையத்தால் போய்விடும். இரண்டாவது வால்வு ஒட்டிக்கொண்டால் வேறு கதை: டேங்க் நிறைந்து வழியும், ரேடியேட்டர் காலியாக இருக்கும், நாமோ டேங்கைப் பார்த்து நிம்மதியாக இருப்போம். எனவே குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரை நீர் நிற்கிறதா என்று நேரடியாகப் பாருங்கள்.

அடுத்து வாட்டர் பம்ப். பம்பின் தண்டில் கூலன்ட் தாண்டாமல் தடுக்க ஒரு மெக்கானிக்கல் சீலும், இஞ்சின் பக்கம் எண்ணெய் தாண்டாமல் தடுக்க ஓர் ஆயில் சீலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவிலிருந்து வெளியே ஒரு சிறு துளை வரும். அது கசிவதற்கென்றே வைத்த துளை. அதிலிருந்து கூலன்ட் வந்தால் மெக்கானிக்கல் சீல் போயிற்று என்றும், எண்ணெய் வந்தால் ஆயில் சீல் போயிற்று என்றும் பொருள். அதை எம்-சீல் பசை வைத்து அடைத்த வண்டிகள் என் பட்டறைக்கு வந்ததுண்டு. அடைத்தால் கூலன்ட்டுக்கு வெளியே போக வழியில்லாமல் ஆயில் சீலைத் தாண்டி இஞ்சினுக்குள் இறங்கும். வெளியே சொட்டிக்கொண்டிருந்த சிறிய செலவு, பேரிங்குகளைத் தின்னும் பெரிய செலவாக மாறும்.

ஹெட் கேஸ்கட்டைக் கழற்றாமல் அறிய வழிகள் உண்டு. ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்து, அது சூடாகும் முன்பே, ஓரிரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சூடாகாமலேயே ஹோஸ் கல்லாக விறைத்தால், சிலிண்டரில் எரியும் வாயு கேஸ்கட் வழியாகக் கூலன்ட்டுக்குள் வருகிறது. மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் நீர்ப்பரப்பில் விடாமல் குமிழி வருவதும் அதே அறிகுறி. உள்ளே சிக்கிய காற்று முதலில் வெளியேறும்போதும் சில குமிழிகள் வரும், ஆனால் அவை நின்றுவிடும். சந்தேகம் தீராவிட்டால், ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் ஆவியை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுக்கும் சோதனைக் குழாய் உண்டு; எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இவற்றில் எதையும் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.

பொடியைப் பற்றிக் கேட்டீர்கள். கார் ரேடியேட்டரிலேயே அது நல்ல பழக்கமில்லை. இந்தச் சிறிய ரேடியேட்டரின் குழாய்கள் மிகக் குறுகலானவை. ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு ஓட்டை எது, வழி எது என்று தெரியாது. இன்னொன்றும் உண்டு. ஆர்15இன் சிலிண்டர் டயாசில் வகை, அதாவது சிலிக்கான் அதிகமாகக் கலந்த முழு அலுமினிய வார்ப்பு. உள்ளே இரும்பு லைனர், அதாவது உட்குழாய், கிடையாது. பழைய வண்டிகளைப்போல் லேத்தில் கொடுத்து போர் செய்து, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம் என்ற வசதி இதில் இல்லை. அடைப்பால் சூடேறிச் சிலிண்டரில் கீறல் விழுந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

ரேடியேட்டர் ஓட்டையாக இருந்தால் அது எந்த இடம் என்பதைப் பொறுத்தது. பக்கவாட்டு டேங்க் அலுமினியமாக இருந்து அதில் விரிசல் என்றால் கோவையில் டிக் வெல்டிங் நன்றாகவே செய்வார்கள். முன்சக்கரம் தூக்கியடித்த கல்லால் நடுக்குழாயில் ஊசித்துளை என்றால், அந்தத் தகடு மிக மெல்லியது, வெல்டிங் சூட்டில் உருகி ஓட்டை பெரிதாகும். கைதேர்ந்தவர் அந்த ஒரு குழாயின் இரு முனைகளையும் அடைத்துத் தரலாம். குளிர்விக்கும் திறன் சிறிதளவே குறையும். அதற்கு மேல் போனால் புதியது வாங்குவதே மேல்.


பொருநைக்கரை எழுதியது:

மேலே பட்டறைக்காரர் சொன்னவற்றோடு, முன்னவர் குழாய்த் தண்ணீர் ஊற்றினார் என்ற செய்தியைச் சேர்த்துப் பார்க்க விரும்புகிறேன். என் தொழில் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் என்பதால் என் கண் அங்கேதான் போகிறது.

ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். சூடாகும் இடத்தில் அவை படிந்து, வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பதைப்போலவே சிலிண்டரைச் சுற்றியுள்ள வழியிலும் பிடிக்கும். படிவு வெப்பத்தைத் தடுக்கும். உங்கள் ஃபேன் அடிக்கடி சுழல்வதற்குக் கூலன்ட் குறைவு ஒரு காரணம் என்றால் இது மற்றொரு காரணமாக இருக்கலாம். கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீர் மெல்லியது, அதை ஊற்றினால் என்ன என்று கேட்பார்கள். உப்பு குறைவுதான், ஆனால் குழாயில் வருவது குளோரின் கலந்தது, குளோரைடு அலுமினியத்தில் குழிக்குழியாக அரிப்பை உண்டாக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் மலிவாகக் கிடைக்கும்போது அந்தச் சோதனை எதற்கு?

ஹோஸைக் கழற்றும்போது அது ஏறியிருந்த அலுமினியக் குழாய்முனையைக் கவனியுங்கள். வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் அது அலுமினியம் அரித்து உண்டான பொருள். அதன்மேல் புதிய ஹோஸை மாட்டினாலும் பொருக்கின் மேடு பள்ளங்கள் வழியாகக் கசிவு தொடரும். நுண்மையான எமரி தாளால், குழாயின் நீளவாட்டில் அல்லாமல் சுற்றுவட்டமாகத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். நீளவாட்டில் விழும் கீறல் ஒவ்வொன்றும் நீருக்கு ஒரு வாய்க்காலாகிவிடும்.

கூலன்ட் தேர்விலும் கவனம் தேவை. பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களுக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி சாயம் சேர்க்கிறது. பார்க்க வேண்டியது உள்ளடக்கத்தை: அலுமினிய இஞ்சினுக்கு ஏற்றதா, சிலிகேட் இல்லாததா என்பதை. சிலிகேட் கலந்த கூலன்ட் பம்ப் சீலின் முகத்தை விரைவில் தேய்க்கக்கூடும், ரேடியேட்டர் வழிகளை அடைக்கவும் கூடும் என்று மோட்டார் சைக்கிள் கையேடுகளிலேயே எச்சரிக்கை உண்டு. வெவ்வேறு வகைகளைக் கலந்தால் சில சமயம் கூழ்போலத் திரியும்; எனவே டேங்கில் இப்போது இருப்பது எது என்று தெரியாத நிலையில் அதன்மேல் புதியதை ஊற்றாமல், முழுவதையும் வடித்துவிட்டு, டிஸ்டில்ட் வாட்டரால் தெளிவாக வரும்வரை அலசிவிட்டு நிரப்புங்கள்.

கூலன்ட்டில் தண்ணீரோடு கலக்கும் எத்திலீன் கிளைக்கால் அதிகமானால் நல்லது என்ற எண்ணமும் தவறு. நம் ஊரில் உறைபனிக்கு அஞ்ச வேண்டியதில்லை. நமக்குத் தேவை அரிப்பைத் தடுக்கும் மருந்தும் உயர்ந்த கொதிநிலையும். வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீருக்கு நிகர் இல்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வேண்டும், அதே அளவு தூய கிளைக்காலுக்கு 2.4 போதும். ஆகவே அடர்கரைசல் வாங்கினால் பாதிக்குப் பாதி என்பதைத் தாண்டாதீர்கள். ஏற்கெனவே கலந்து விற்பதை வாங்கினால் அதில் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள்.


கிள்ளான்எல்சி எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே யமஹா 135எல்சி என்ற வண்டி தெருவுக்குத் தெரு ஓடுகிறது. அதுவும் ஒற்றைச் சிலிண்டர், நீர்க்குளிர்விப்பு, டயாசில் சிலிண்டர் கொண்டதுதான். 2006இல் இங்கே அறிமுகமானது. அதனால் வயதான பம்ப் சீல் என்பது எங்கள் பட்டறைகளுக்கு அன்றாட வேலை.

பயணி அண்ணன் ஆயில் நிறம் மாறவில்லை என்று எழுதியிருக்கிறார். அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது. பம்ப்பின் இரண்டு சீல்களும் ஒன்றாகத் தளர்ந்தால் கூலன்ட் இஞ்சின் ஆயிலில் கலந்து, ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அதைக் கண்டதும் இங்கேயும் பலர் ஹெட் கேஸ்கட் என்று முடிவுகட்டி மேல்பாகத்தைக் கழற்றுகிறார்கள். ஆயில் வெளுத்திருக்கிறது, ஆனால் ஹோஸ் குளிரில் விறைக்கவில்லை, ரேடியேட்டரில் குமிழியும் இல்லை என்றால் முதலில் பம்ப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். மற்றொரு பக்கம், மழைக்காலத்தில் கிட்டத்திலேயே ஓட்டி நிறுத்தும் வண்டிகளில் ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை படியும். அது ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து உண்டாவது. நீண்ட தூரம் ஓட்டினால் மறைந்துவிடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஆயிலில் உண்மையாகவே கூலன்ட் கலந்துவிட்டால், சீலை மாற்றியதோடு விடாமல், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, இஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அந்த ஆயிலையும் வடித்து மீண்டும் புதியது ஊற்ற வேண்டும். ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் பிடிக்கும் இஞ்சின்தானே, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஹோஸ் மாற்றுவதாக இருந்தால், சிலிக்கோன் ஹோஸ் செட்டுகள் இங்கே நீலம், சிவப்பு என்று கடைகளில் தொங்குகின்றன. வெப்பத்தில் ரப்பரைப்போல் விறைக்காது. உங்கள் ஊரில் கிடைத்தால் அதைப் போடலாம் என்பது என் கருத்து.


லேத்துப்பட்டறை எழுதியது:

சிலிக்கோன் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. வெப்பம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது மென்மையானது; நம் கடைகளில் கிடைக்கும் பல்வரி வெட்டிய சாதாரண கிளாம்ப்பை இறுக்கினால் அந்த வெட்டுகள் வழியாகவே சிலிக்கோன் பிதுங்கி அறுபடும். உட்பக்கம் வழவழப்பான பட்டை கொண்ட கிளாம்ப் வேண்டும். ரப்பரைவிடச் சிலிக்கோன் வழியாக நீராவியும் சற்றுக் கூடுதலாக ஊடுருவி வெளியேறும். கூலன்ட் ஏன் குறைகிறது என்று தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது வேண்டாத குழப்பம். பந்தய வண்டிக்கு ஆகும். தினசரி ஓட்டும் வண்டிக்குக் கம்பெனி ரப்பர் ஹோஸும், தானே இறுகிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் கிளாம்ப்பும் போதும்.


கொங்குப்பயணி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கார் ரேடியேட்டர் பட்டறை ஒன்றில் அடாப்டருடன் கருவி இருந்தது. வண்டியை முந்தைய மாலையே அங்கே விட்டுவிட்டு, காலையில் ஆறிய நிலையில் 1.1 வரை ஏற்றிப் பார்த்தோம். முள் மெதுவாக இறங்கியது. பவுடர் தூவியதில் இரண்டு இடங்கள் தெரிந்தன. ஒன்று, ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் பம்ப்போடு சேரும் இணைப்பு. அங்கே கிளாம்ப்பை யாரோ மிகையாக இறுக்கியதில் அது ரப்பரை வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கிறது. மற்றொன்று, நீங்கள் சொன்ன அந்தச் சிறு துளை. அதன் ஓரத்தில் பச்சையாகக் காய்ந்த பொருக்கும், அழுத்தம் ஏற்றியபோது மெல்லிய ஈரமும் இருந்தன. எண்ணெய் வரவில்லை.

மூடியையும் தனியாகச் சோதித்தார்கள். அதில் எழுதியிருக்கும் அளவுக்கு வெகு முன்பே திறந்துவிடுகிறது. குளிரில் ஸ்டார்ட் செய்தபோது ஹோஸ் விறைக்கவில்லை, குமிழிகளும் சற்று நேரத்தில் நின்றுவிட்டன. எனவே ஹெட் கேஸ்கட் நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மூடி, ஹோஸ்கள், மெக்கானிக்கல் சீல், ஆயில் சீல், கவர் கேஸ்கட் ஆகியவற்றை வாங்க இருக்கிறேன். சென்னையில் இருக்கும் உறவினர் ஒருவர், பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் முழு பம்ப் கவரே பழையது கிடைக்கும், அதை அப்படியே மாட்டிவிடலாம் என்கிறார். அது சரியா? சீல் மாற்றும் வேலையை, ஸ்பேனர் பிடித்துப் பழக்கமுள்ள ஒருவர் வீட்டிலேயே செய்ய முடியுமா?


லேத்துப்பட்டறை எழுதியது:

நல்ல வேலை செய்தீர்கள். புதுப்பேட்டையில் கவர் வாங்குவதில் தவறில்லை, உங்கள் கவர் உடைந்திருந்தால். ஆனால் அதற்குள் இருக்கும் சீலும் உங்களுடையதைப்போலவே வயதானதாகத்தான் இருக்கும். வண்டியிலிருந்து கழற்றிக் காய்ந்து கிடந்த சீல் இன்னும் மோசம். உலோகத்தைப் பழையதாக வாங்கலாம், ரப்பரைப் பழையதாக வாங்கக் கூடாது.

வீட்டில் செய்யலாம், அவசரம் மட்டும் கூடாது. கூலன்ட், ஆயில் இரண்டையும் வடித்த பிறகே கவரைக் கழற்றுங்கள். பழைய கேஸ்கட் துணுக்குகளை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாமல், பிளாஸ்டிக் அல்லது மரத்துண்டால் எடுங்கள். அலுமினியப் பரப்பில் விழும் ஒரு கீறல் அடுத்த கசிவுக்குக் காரணமாகும். தண்டை எடுத்ததும், ஆயில் சீலின் உதடு உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் தண்டையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதிய சீல் நிற்காது. கவரில் இருக்கும் பேரிங்கைக் கையால் சுழற்றி, சொரசொரப்போ ஆட்டமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்டு ஆடினால் மெக்கானிக்கல் சீலின் இரு முகங்களும் ஒன்றோடொன்று சமமாக அமராது. சீல் போனதற்கே அதுதான் காரணமாக இருந்திருக்கக்கூடும்.

மெக்கானிக்கல் சீலைக் கவரில் இறக்கும்போது சுத்தியலால் நேரே தட்டக் கூடாது. சீலின் வெளி விளிம்பில் மட்டும் உட்காரும் அளவுக்கு ஒரு சாக்கெட்டைத் தேர்ந்தெடுத்து, வைஸிலோ பிரஸ்ஸிலோ வைத்து நேராக அழுத்துங்கள். நடுப்பகுதியில் அழுத்தம் பட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் கோணிவிடும். ஒன்றோடொன்று உரசும் அந்த வழவழப்பான இரு முகங்களிலும் எண்ணெய், கிரீஸ், விரல்ரேகை எதுவும் படக் கூடாது. பம்ப்புக்குள் நீரைத் தள்ளும் சுழலியில் பொருந்தும் ரப்பர் வளையத்தை ஏற்றுவதற்குத் தண்ணீரோ கூலன்ட்டோ தொட்டுக்கொள்ளுங்கள். ஆயில் சீலுக்கு நேர்மாறு: அதன் உதட்டில் லேசாகக் கிரீஸ் தடவியே பொருத்த வேண்டும், உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். கழற்றும் முன் பழைய சீல்கள் எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு ஆழத்தில் இருந்தன என்று கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ் மாட்டும்போதும் இதே கவனம் வேண்டும். இந்த ரப்பர் பெட்ரோலியக் கிரீஸுக்கும் எண்ணெய்க்கும் பகை, ஊறி உப்பிவிடும். சோப்புத் தண்ணீரோ கூலன்ட்டோ போதும். பொருநைக்கரை அவர்கள் சொன்னபடி குழாய்முனையைச் சுற்றுவட்டமாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கிளாம்ப் ஹோஸின் விளிம்பிலோ குழாய்முனையின் வளைய மேட்டின்மேலோ அமராமல், அந்த மேட்டைத் தாண்டி உள்ளே அமர வேண்டும். கவர் போல்ட்டுகள் ஆறு மில்லிமீட்டர் வகையாக இருந்தால் 10 நியூட்டன் மீட்டர் அளவு போதுமானது. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் கை பலத்தைக் காட்டி அலுமினிய மரையை உருவிவிடுவதுதான் நான் அதிகம் சரிசெய்யும் வேலை. கூலன்ட் வடிக்கும் போல்ட்டின் செப்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

நிரப்பும்போது மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைக் கையால் பிசைந்து, வண்டியை இரு பக்கமும் சாய்த்து நிமிர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு மூடி திறந்த நிலையில் இஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டால் சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் திடீரென்று இறங்கும். அப்போது மீண்டும் ஊற்றி மூடிவிடலாம். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது ரிசர்வ் டேங்கின் கோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், நேராக நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் சூட்டில் விரிந்து வெளிக்குழாய் வழியாக வழியும். அதையும் கசிவு என்று நினைத்துப் பலர் பதறுவதுண்டு.

வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவிலோ சாக்கடையிலோ ஊற்ற வேண்டாம். அது இனிப்பாக இருக்கும் என்பதால் நாயும் பூனையும் நக்கும். கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும். மூடியுள்ள கேனில் வைத்து, பழைய கூலன்ட் சேகரித்து அகற்றும் ஏற்பாடு உள்ள பட்டறையில் கொடுங்கள். வேலை முடிந்து முதல் நாள் ஓட்டிவிட்டு, மறுநாள் காலை ஆறிய பிறகு மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்த்து, கிளாம்ப்புகளைத் துடைத்து மறுபடியும் பவுடர் தூவிப் பாருங்கள். இரண்டு இடமும் காய்ந்திருந்தால் ஃபேரிங்கை மாட்டலாம்.